மலிவான எஸ்.எம்.பி.எஸ். உண்மையில் மலிவுதானா?

ஒரு குடும்பம் கணிப்பொறி வாங்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கேட்கப்படும் கேள்விகள் நமக்கெல்லாம் தெரிந்தவைதாம். பிராசஸர் என்ன வேகம்? ராம் எத்தனை ஜி.பி.? திரை எத்தனை அங்குலம்? இவை எல்லாம் பேசி முடிந்தபின் கடைக்காரர் ஒரு கேபினெட்டை எடுத்துக் காட்டி, "இதற்குள்ளேயே எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை" என்பார். எல்லோரும் மகிழ்ச்சியோடு தலையசைப்பார்கள். பட்டியலில் பணம் மிச்சமான இனம் அது ஒன்றுதான் அல்லவா?

அந்த மிச்சம் உண்மையான மிச்சந்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது தகும். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். பெரிய வாட் எண்ணுக்காகவும் வண்ண விளக்குகளுக்காகவும் கொடுக்கும் பணம் வீண். "விலை அதிகமானால் தரமும் அதிகம்" என்பது விஞ்ஞானம் அன்று. "எதைப் போட்டாலும் ஓடும்" என்பதும் விஞ்ஞானம் அன்று. கணக்குப் போட்டுப் பார்ப்பதே நம் வழி.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். 230 என்பது சராசரி வகையைச் சேர்ந்த ஓர் அளவு; அலையின் உச்சியில் அது 325 வோல்ட்டைத் தொடுகிறது. கணிப்பொறிக்கோ 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரம் வேண்டும். பழைய முறையில் இதற்கு இரும்பு உள்ளகம் கொண்ட கனமான மின்மாற்றி தேவைப்பட்டது.

எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் செல்கிறது. வரும் மின்சாரத்தை முதலில் டயோடுகளால் நேர்திசையாக்கி, ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்த்து வைக்கிறது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகின்றன. அதிர்வெண் கூடும்போது ஒவ்வொரு தடவையும் மின்மாற்றி கடத்த வேண்டிய ஆற்றல் குறைகிறது. ஆகவே உள்ளங்கையில் அடங்கும் சிறு மின்மாற்றியே போதுமானதாகிறது. அதிலிருந்து வருவதை மீண்டும் நேர்திசையாக்கி, சுருள்களாலும் மின்தேக்கிகளாலும் வடிகட்டினால் நமக்கு வேண்டிய வோல்ட் கிடைத்துவிடும். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறி இம்முறையைக் கையாண்டது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது வெறும் 63.5 வாட் எஸ்.எம்.பி.எஸ்.தான். இன்று உங்கள் கைபேசி சார்ஜருக்குள் இருப்பதும் இதே தத்துவமே.

கணிப்பொறிக்கான விதிகள் கண்டிப்பானவை. 12 வோல்ட் இணைப்பு 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, அதாவது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதன்மேல் ஓடும் குற்றலைகள் 120 மில்லிவோல்ட்டுக்கு மிகக் கூடாது. 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் அந்த எல்லை 50 மில்லிவோல்ட்.

மலிவானதும் நல்லதும் இவற்றையே வாக்களிக்கின்றன. பின் விலை ஏன் வேறுபடுகிறது? உள்ளே சில உறுப்புகள் தரம் குறைந்தவை; சில அளவு குறைந்தவை; சில இல்லவே இல்லை. மிக மலிவான சில எஸ்.எம்.பி.எஸ்.களின் சுற்றுப் பலகையில், வடிகட்டும் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். மின்தேக்கிக்கான துளைகள் வெறுமையாகக் கிடக்கும். இந்த மிச்சத்தின் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெப்பமும் ஆயுளும்

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை அதிலுள்ள மின்பகுளி மின்தேக்கிகள். அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. நாளடைவில் அது சிறிது சிறிதாக உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. வேதிவினைகள் வெப்பத்தால் விரைவடையும் என்று வேதியியல் வகுப்பில் படித்ததுதான் இங்கே வேறு உருவில் வந்து நிற்கிறது.

மின்தேக்கியின் மேல் 85 டிகிரி என்றோ 105 டிகிரி என்றோ அச்சிட்டிருக்கும். இரண்டும் அவ்வவ் வெப்பநிலையில் 2000 மணி நேரம் உழைப்பவை என்று கொள்வோம். இப்போது நம் விதியைப் பயன்படுத்துங்கள். 105 டிகிரி வகை 65 டிகிரியில் இயங்கினால், 40 டிகிரி குறைவு. எனவே ஆயுள் 16 மடங்கு, அதாவது 32,000 மணி நேரம். 85 டிகிரி வகை 75 டிகிரியில் இயங்கினால் இரு மடங்குதான், அதாவது 4000 மணி நேரம். எட்டில் ஒரு பங்கு!

மலிவானதை நான் ஏன் 75 டிகிரியில் வைத்தேன்? காரணம் இருக்கிறது. கணிப்பொறி 100 வாட் கேட்கிறது என்போம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பயனுறுதிறன் 85 சதவீதம் என்றால், சுவரிலிருந்து 118 வாட் எடுத்து 18 வாட்டை வெப்பமாக்கும். 75 சதவீதம் என்றால் 133 வாட் எடுத்து 33 வாட்டை வெப்பமாக்கும். ஏறக்குறைய இரு மடங்கு வெப்பம். அதை வெளியேற்ற இருப்பதோ ஒரு சிறு விசிறியும் மெல்லிய அலுமினியத் தகடும். ஆக, வெப்பத்தைத் தாங்காத உறுப்பை அதிக வெப்பத்தில் வைத்து வேலை வாங்குகிறோம். இரு தீமைகளும் கைகோத்துக்கொள்கின்றன.

மின்தேக்கி ஒன்று எத்தனை தொல்லை தரும் என்பதை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் உலகுக்குக் காட்டின. மின்பகுளியின் சேர்க்கையில் இருந்த குறையால், பல கம்பெனிகளின் மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் தலை உப்பிக் கசிந்தன. எத்தனையோ நல்ல கணிப்பொறிகள் ஒரு சிறு உறுப்பினால் செயலற்றுப் போயின.

மின்சாரம் கண் சிமிட்டும்போது

மின்சாரம் நின்றதும் யு.பி.எஸ். அந்தக் கணமே பாட்டரிக்கு மாறிவிடுவதாக நினைக்கிறோம். வீடுகளில் உள்ள சாதாரண யு.பி.எஸ். மாறுவதற்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். சிலவற்றில் 10 மில்லி விநாடி வரை ஆகலாம். அந்த இடைவெளியில் கணிப்பொறியை யார் தாங்குவது? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதல் மின்தேக்கிதான். முழுச் சுமையிலும் சுமார் 16 மில்லி விநாடி அது தாங்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக வழங்கிவந்த இலக்கணம்.

மின்தேக்கியில் உள்ள ஆற்றல், அதன் மின்தேக்குதிறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கி வரும் தொகையில் பாதி. நல்லதில் 470 மைக்ரோஃபாரடு, மலிவானதில் 120 மைக்ரோஃபாரடு என்று கொள்வோம். மின்னழுத்தம் 250 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இயங்காது என்றும் கொள்வோம். சுவரில் முழு 230 வோல்ட் இருக்கும்போது மின்தேக்கியில் 325 வோல்ட் இருக்கும். அது 250-க்கு இறங்குவதற்குள், நல்லது 10.1 ஜூல் தரும், மலிவானது 2.6 ஜூல் தரும். 100 வாட் என்றால் விநாடிக்கு 100 ஜூல். எனவே நல்லது 101 மில்லி விநாடி தாங்கும். மலிவானது 26 மில்லி விநாடி தாங்கும். இரண்டும் தேறிவிட்டன.

இனி, மாலை நேரத்தில் ஊரே விளக்கைப் போட்டதும் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்குத் தாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி மதிப்பு 269 வோல்ட்தான். 269-லிருந்து 250 வரை இறங்கும்போது நல்லது 2.3 ஜூல் தரும், மலிவானதோ 0.6 ஜூல்கூடத் தராது. தாங்கும் நேரம் முறையே சுமார் 23 மில்லி விநாடியும் 6 மில்லி விநாடியும். யு.பி.எஸ். 10 மில்லி விநாடியில் மாறினால், நல்ல எஸ்.எம்.பி.எஸ். உள்ள கணிப்பொறி ஒன்றும் நடவாததுபோல் வேலை செய்துகொண்டிருக்கும். மற்றது அணைந்து மீண்டும் எழும். தட்டெழுதிய பக்கம் போயிற்று. "யு.பி.எஸ். சரியில்லை" என்று வீட்டில் பேசுவார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! இது தோராயக் கணக்குதான். ஆனாலும் மின்னழுத்தம் சிறிது குறையும்போது கையிருப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை இருமடி விதி நன்றாகக் காட்டிவிடுகிறது.

எப்படிச் சாகிறது என்பதும் முக்கியம்

எந்தக் கருவியும் ஒரு நாள் பழுதாகும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் விதிவிலக்கன்று. ஆனால் பழுதாகும் விதத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. நல்லதில் காவல் சுற்றுகள் உண்டு. 12 வோல்ட் அளவு மீறி உயர்ந்தாலோ, எங்காவது குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ, மின்னோட்டம் எல்லை கடந்தாலோ அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மலிவானதில் இவற்றுள் சில இல்லாமல் இருக்கலாம், அல்லது பெயரளவுக்கு இருக்கலாம். நல்லது பெரும்பாலும் தனியாகச் சாகும். மலிவானது சில வேளைகளில் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சாகும்.

ரூபாய்க் கணக்கு

இதுவரை பௌதிகம். இனி பணம். மலிவானது 800 ரூபாய், நல்லது 3000 ரூபாய் என்போம். ஒரு மாணவர் நாளொன்றுக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் பயன்படுத்துகிறார். மொத்தம் 1200 மணி நேரம். 118-க்கும் 133-க்கும் இடையே உள்ள வேறுபாட்டால் மலிவானது ஆண்டுக்குச் சுமார் 19 யூனிட் கூடுதலாக இழுக்கும். யூனிட் 6 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 113 ரூபாய்; 10 ஆண்டுகளில் 1130 ரூபாய். நாம் கண்ட 4000 மணி நேர ஆயுளின்படி 10 ஆண்டுகளில் மூன்று எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டும். அது 2400 ரூபாய். மொத்தம் 3530 ரூபாய். நல்லதன் விலை 3000.

வேறுபாடு 530 ரூபாய்தானே, இதற்கா இத்தனை பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்கட்டணத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லி வீட்டு உபயோகத்துக்கு விலையுயர்ந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை விற்பவர், பாதி உண்மையைத்தான் சொல்கிறார். அந்தக் காரணத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு மதர்போர்டின் விலையையோ ஒரு ஹார்ட் டிஸ்கின் விலையையோ நான் சேர்க்கவில்லை. பொதுத் தேர்வுக்கு முந்திய வாரம் கணிப்பொறி பழுதுபார்க்கும் கடையில் கிடப்பதற்கு என்ன விலை போடுவது? அண்ணனின் கல்லூரித் திட்ட அறிக்கைக்கும் பாட்டியின் பழைய புகைப்படங்களுக்கும் எந்தக் கடையில் விலைப்பட்டியல் இருக்கிறது? நாம் கூடுதலாகக் கொடுக்கும் 2200 ரூபாய் முக்கியமாக இந்த அபாயத்தைக் குறைப்பதற்கான காப்புத் தொகை. கடுகு போன இடத்தை ஆராய்ந்து பூசணிக்காய் போன இடத்தை விட்டுவிடக் கூடாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும் முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைப்பது அவசியம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பள்ளிக் கணிப்பொறி அறையை எடுத்துக்கொண்டால் வழக்கு இன்னும் வலுக்கிறது. 30 கணிப்பொறிகள், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 220 நாள். இங்கே கூடுதல் செலவு ஆண்டுக்குச் சுமார் 5000 ரூபாய். அறையில் ஏறத்தாழ 470 வாட் வெப்பம் வீணாகச் சேர்கிறது. மூலையில் ஒரு ஹீட்டரைப் போட்டு வைத்தது போலத்தான். ஆண்டுக்கு 1760 மணி நேரம் ஓடுவதால், 4000 மணி நேர ஆயுள் இரண்டேகால் ஆண்டில் முடிந்துவிடும். திறப்பு விழாவன்று பளபளத்த அறையில், மூன்றாம் ஆண்டில் பாதிக் கணிப்பொறிகள் துணி போர்த்திக் கிடப்பதை எத்தனை ஊர்களில் பார்க்கிறோம்! குறைந்த விலைப் புள்ளியை மட்டும் பார்த்து வாங்கும்போது, இழப்பு வாங்கியவருக்கு அன்று. அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு.

மறுதரப்பு சொல்வது

"எங்கள் வீட்டில் மலிவானதுதான், பத்து வருடமாக ஓடுகிறது" என்பார் ஒருவர். அது பொய்யன்று. ஆனால் பத்து வருடம் ஓடியது மட்டுமே கண்முன் நிற்கிறது. இடையில் செத்தவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. உயிரோடு இருப்பவரை மட்டும் எண்ணி ஆயுளைக் கணக்கிட முடியாது. ஒரே ஓர் உதாரணம் விதியாகாது என்பது விஞ்ஞானத்தின் முதல் பாடம்.

"பழைய கணிப்பொறிக்கு இவ்வளவு செலவா?" என்பார் இன்னொருவர். இதில் உண்மை இருக்கிறது. இன்னும் ஓராண்டில் கழிக்கப்போகும் கணிப்பொறிக்கு 3000 ரூபாய் போடுவது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். எனினும் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு 1995-இல் வந்தது. அதன் அளவும் திருகுத் துளைகளும் பெரும்பாலும் மாறவில்லை. எனவே இன்று வாங்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை அடுத்த கணிப்பொறியிலும் பொருத்திக்கொள்ளலாம். தமக்கென்று தனி அளவு வைத்திருக்கும் சில கம்பெனிக் கணிப்பொறிகள் மட்டும் இதற்கு விலக்கு.

"பணமே இல்லை, என்ன செய்வது?" என்பது மூன்றாவது கேள்வி. இதுதான் கனமானது. அப்படியானால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள். கண்ணாடிக் கேபினெட்டை விடுங்கள். சற்று மெதுவாக ஓடும் கணிப்பொறியில் படிக்கலாம், ஓடாத கணிப்பொறியில் படிக்க முடியாது.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே ஆற்றலைப் பெறுகின்றன. 450 வாட் என்று போட்டு, 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றிருந்தால் உண்மையில் கிடைப்பது 192 வாட்தான். பெருக்கல் தெரிந்தவரை ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, தேவைக்கு மிஞ்சிய வாட்டும் வேண்டாம். பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் பயன்படும் கணிப்பொறி 100 வாட்டுக்கு மேல் கேட்பது அரிது. அதற்கு 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். போட்டால், மிகக் குறைந்த சுமையில் அதன் பயனுறுதிறன் தாழ்ந்துவிடும்.

மூன்றாவது, 2004-இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரையைக் கவனியுங்கள். 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதப் பயனுறுதிறன் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மேல்படிகளும் உண்டு. வீட்டுக்கு வெண்கலம் போதும். ஆனால் அது முதன்மையாகப் பயனுறுதிறனுக்கான முத்திரை. குற்றலைக்கும் காவல் சுற்றுக்கும் அது சான்று கூறாது. அவற்றை அளந்து வெளியிடப்படும் பரிசோதனை முடிவுகளைப் படித்துப் பார்ப்பதே சிறந்தது. உத்தரவாதக் காலமும் ஒரு நல்ல குறி. 5 ஆண்டு, 7 ஆண்டு உத்தரவாதம் தருபவர் இரண்டாண்டில் உலரும் மின்தேக்கியைப் போடத் துணியமாட்டார்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது: புவி இணைப்பு. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில், இரைச்சலைத் தடுக்கும் சிறு மின்தேக்கிகள் மின்கம்பிகளுக்கும் புவிக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்கும். வீட்டில் புவி இணைப்பு இல்லையேல் கேபினெட் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில், அதாவது 115 வோல்ட்டில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுருக்கோடு நிற்கிறது. உண்மையான கசிவு ஏற்பட்டாலோ உயிருக்கே ஆபத்து. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இந்தக் குறையைத் தீர்க்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஆர்வத்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடும். மேலட்டையில் உள்ள அட்டவணையைப் படிப்பதே உங்கள் ஆராய்ச்சிக்குப் போதும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் பொருளுக்குச் செலவு செய்ய நமக்கு மனம் வருவதில்லை. வீட்டுக்கு வண்ணம் பூசத் தயங்காதவர் அஸ்திவாரத்தில் சிமெண்டைக் குறைத்தால் என்னவென்று சொல்வோம்? எஸ்.எம்.பி.எஸ். கணிப்பொறியின் அஸ்திவாரம். அடுத்த முறை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறி வாங்கும் பேச்சு எழும்போது, பெரியவர்களிடம் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தரும்?" கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால், அட்டையைத் திருப்பி நீங்களே படித்துச் சொல்லிவிடலாம்.